ஸ்டென்ட்டுக்கு முன் ஒரு கேள்வி

2025-ல் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் சுமார் 40 நாட்களுக்குள் 20-க்கும் மேற்பட்டோர் மாரடைப்பால் இறந்ததாகச் செய்தி பரவியதும், பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையிலும் மைசூருவில் உள்ள அதன் கிளையிலும் கூட்டம் அலைமோதியது. பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வந்தவர்கள். 2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் மறைந்தபோதும் இதே பதற்றத்தைப் பெங்களூரு கண்டது.

அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால், எந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை யாரும் அவர்களுக்கு விளக்குவதில்லை. நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் எடுக்கும் ஈசிஜி உயிரைக் காக்கும். வலியே இல்லாதவருக்கு எடுத்த ஈசிஜி சரியாக இருந்தால், ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று அர்த்தமாகாது. எக்கோ, இதயம் எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது, வால்வுகள் எப்படி இருக்கின்றன என்று காட்டும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்புறத்தைக் காட்டாது. ஓடவிட்டுப் பார்க்கும் டிஎம்டி, சிறிய அடைப்புகளைத் தவறவிடும். பெண்களுக்கோ இல்லாத கோளாறை இருப்பதாகவும் சொல்லிவிடும். “போன மாசம்தான் எல்லாம் நார்மல்னாங்க” என்ற நம்பிக்கையில், நெஞ்சுவலியை வாயு என்று நினைத்து ஜெலுசில் குடித்து விடியும்வரை காத்திருப்பவருக்கு அந்த ரிப்போர்ட்டே எமனாகிவிடும்.

அடுத்த கட்டம் ஆஞ்சியோகிராம். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயம் பாய்ச்சி, எக்ஸ்ரேயில் பார்ப்பது. பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உண்மையான சிக்கல் அதன்பின் வரும் சில நிமிடங்களில்தான்.

ஆஞ்சியோகிராம் எடுக்கும் கேத் லேப் கதவு பாதி திறக்கிறது. “கூட வந்தவங்க யாரு?” மகன் எழுந்து ஓடுகிறார். திரையில் சாம்பல் நிறத்தில் ரத்தக்குழாய்கள் கிளை பிரிந்து துடிக்கின்றன. ஓரிடத்தில் கோடு மெலிந்து நூலாகிறது. “எண்பது பர்சென்ட் பிளாக். இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாமா?” அப்பா மேசையில் படுத்திருக்கிறார், விழித்தபடி. கையில் திணிக்கப்பட்ட படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் வீட்டில் பேசும் ஊர் பெங்களூரு. அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்?

அப்பா வந்தது மாரடைப்போடு என்றால், யோசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டும். குழாய் முழுதாக அடைத்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. வந்து சேர்ந்த 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறப்பதே இலக்கு. அந்த வசதி இல்லாத ஊரில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். புனித் பெயரிலேயே கர்நாடக அரசு நடத்தும் ‘ஹ்ருதய ஜோதி’ திட்டத்தில் தாலுகா மருத்துவமனையில் எடுக்கும் ஈசிஜி நிபுணர்களின் பார்வைக்குப் போகிறது. கட்டியைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் ஊசி இலவசம். ஒவ்வொரு மாநிலமும் பின்பற்ற வேண்டிய ஏற்பாடு.

ஆனால், மாடிப்படி ஏறினால் வலி, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது, மாதக்கணக்கில் இப்படியே இருக்கிறது என்று வந்தவரின் கதை வேறு. 2020-ல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வு இத்தகைய 5,179 பேரைப் பின்தொடர்ந்தது. நல்ல மருந்துகளோடு உடனே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களுக்கும், மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் இடையே இறப்பிலோ மாரடைப்பிலோ பெரிய வித்தியாசம் தென்படவில்லை. உடனே செய்துகொண்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது உண்மை. நாலு எட்டு நடக்க முடியாமல் தவிப்பவருக்கு அது பெரிய வரம். இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கும் இதயம் மிகவும் பலவீனமானவர்களுக்கும் இந்த முடிவு பொருந்தாது. மற்றவர்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. ‘ஆஞ்சியோ மட்டும் இப்போது, முடிவைப் பிறகு சொல்கிறோம்’ என்று கேட்பது நோயாளியின் உரிமை.

ஒரே தடவையில் முடித்தால் மறுபடி குழாய் செருக வேண்டாம், செலவும் அலைச்சலும் மிச்சம் என்று மருத்துவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்தும் கோலாரிலிருந்தும் வருபவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல. ஆனாலும், சர்க்கரை நோயோடு மூன்று குழாய்களிலும் அடைப்பு உள்ளவருக்குப் பைபாஸ்தான் நீண்ட நாள் பலன் தரும் என்று 2012-ல் வந்த ‘ஃப்ரீடம்’ ஆய்வு காட்டியது. கதவருகே எடுக்கும் முடிவில் அந்த வழி பேச்சுக்கே வருவதில்லை. நெஞ்சைத் திறப்பதா என்ற நடுக்கம் வேறு. டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் சென்னையில் செய்தது 1975-ல். அரை நூற்றாண்டாகப் பழகிய சிகிச்சை இது.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது. அதற்கு முன் லட்சத்தைத் தாண்டி விற்ற பொருள். விலையைச் சட்டத்தால் கட்டலாம். தேவையா இல்லையா என்பதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். அந்தப் பேச்சு முந்தைய நாள் வார்டில், நோயாளி உட்கார்ந்திருக்கும்போது, அவருக்குப் புரியும் மொழியில் நடக்க வேண்டும். அடைப்பு எங்கே இருந்தால் ஸ்டென்ட், எங்கே இருந்தால் நிறுத்திவிட்டுப் பேசுவோம் என்று அப்போதே முடிவுசெய்து, அதைப் படிவத்திலும் எழுத வேண்டும். ஸ்டென்ட் வைத்தபின் ஆஸ்பிரினோடு சேர்த்துத் தரும் இரண்டாவது மாத்திரையைப் பல மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், பல் பிடுங்கப் போனாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம் என்பதையும் டிஸ்சார்ஜ் அன்று அவசரமாகச் சொல்லாமல் அந்தப் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும்.