சங்கிலி மருந்தல்ல!



2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட வழியின்றி 28 பேர் பலியாயினர். பூட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பராமரிக்கப் பயின்றவர்கள் எங்கே?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. அரசு மருத்துவர்களுக்கு அடிப்படை மனநலச் சிகிச்சைப் பயிற்சி தரச் சொன்னது. மக்கள் தொகைக்கேற்ற மனநல வல்லுநர்களை உருவாக்க அது அரசுக்குத் தந்த 10 ஆண்டு அவகாசம் 2028 மே மாதம் முடிகிறது.

கோட்டைமேட்டு இளைஞர்களே, உக்கடம் வணிகர்களே! கொங்கு மண்டலத்தின் அரசு மருத்துவமனைகளில் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர்? தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். வீட்டில் ஒருவர் மனம் கலங்கினால் துஆவும் செய்யுங்கள். மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். நோயாளியும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே!