அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுத்தோமா?

“புத்தகத்தை எடுத்தால் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டேன் என்கிறான்.” பள்ளிக்கூட வாசலில் காத்து நிற்கும்போதெல்லாம் இதைத்தான் பேசுகிறோம். அந்தப் பத்து நிமிஷத்தை நாம் அவனுக்கு விட்டுவைத்தோமா?

பத்தாம் வகுப்புப் பிள்ளை சாயங்காலம் சமூக அறிவியலை விரிக்கும் நேரத்தில்தான் ஹாலில் சீரியல் அலறுகிறது. “பால் ஆறுது, குடி.” “சித்தி லைன்ல இருக்காங்க, ஒரு வார்த்தை பேசிடு.” “ஓடிப்போய்க் கொத்தமல்லி வாங்கிட்டு வா.” எதுவும் இல்லையென்றால் கதவைத் தள்ளி, “படிக்கிறியா?” நீங்கள் கேட்கும்வரை படித்துக்கொண்டுதான் இருந்தது பிள்ளை!

ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். கடைக்குப் போய்வந்த பிள்ளை முதல் உலகப்போருக்கான காரணங்களை விட்ட இடத்தில் பிடிப்பது அவ்வளவு லேசா? தனி அறை கொடுக்க முடியாதது நம் குற்றமில்லை. டிவியை அரை மணி நேரம் அணைக்காதது நம் குற்றம்தான். பிள்ளையிடமிருந்து போனைப் பிடுங்கிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து ரீல்ஸ் தள்ளுவதும் அப்படித்தான். பொதுத்தேர்வில் 3 மணி நேரம் ஒரே மூச்சாக எழுத வேண்டியவனுக்கு, வீட்டில் ஒரு அரை மணிகூடத் தொடர்ந்து படிக்கக் கிடைக்கவில்லை என்றால் அது அநியாயம் இல்லையா?

“நாலு மணி நேரம் உட்கார்ந்து படித்தாள்” என்று கணக்குச் சொல்வதையும் விடுங்கள். கண் வரியில் ஓடும், மனசு எங்கோ இருக்கும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியவர்களோ, படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்.

பிள்ளையை இப்படி நினைவிலிருந்து சொல்லவைக்க நமக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கம் முடித்ததும் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, “என்ன படிச்ச, சொல்லு” என்று காது கொடுத்துக் கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கை இழுக்காதீர்கள். திணறினால் திட்டாதீர்கள், திணறிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். அடுத்து எதைப் படிப்பது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.