எண்பது விழுக்காட்டு நல்லாசிரியர்

ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ எடுத்தவர் ‘நன்று’. 70க்கும் 80க்கும் இடைப்பட்டவர் ‘திருப்தி’. அதற்கும் கீழே போனால் ‘திருப்தியில்லை’. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆசிரியரின் கற்பித்தலை அளப்பது இப்படித்தான். வகுப்புக்குப் போனாரா என்று கேட்கிறார்கள். போய் என்ன செய்தார் என்று கேட்பதில்லை. வருகைப்பதிவு மாணவர்களுக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது?

ஆய்வுக்கோ அதே விதிமுறைகளில் நீண்ட அட்டவணை இருக்கிறது: கட்டுரைக்கு இத்தனை புள்ளி, நூலுக்கு இத்தனை, ஆய்வு வழிகாட்டலுக்கு இத்தனை. புள்ளி எங்கே கிடைக்கிறதோ, உழைப்பும் அங்கேதான் போகும். முதலாமாண்டு மாணவருக்கு நுண்கணிதம் புரியும்வரை மாலையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவருக்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை.

மத்திய அரசின் தேசிய ஆசிரியர் விருது 2023இல்தான் உயர்கல்வி ஆசிரியர்களுக்கும் விரிவானது. அந்த ஆண்டு 13 பேர் பெற்றார்கள். வரவேற்போம். ஆனால் விருது சிலருக்கு. மதிப்பீடு எல்லோருக்கும் வேண்டும்.

மாணவர் கருத்துப் படிவத்தை மட்டும் நம்பவும் முடியாது. தாராளமாக மதிப்பெண் போடுபவருக்கு அதில் கைதட்டல் கூடும். கண்டிப்பானவர் அடி வாங்குவார். சக ஆசிரியர் ஒருவர் பருவத்துக்கு இரண்டுமுறை பின்வரிசையில் அமர்ந்து கவனிக்கட்டும். வினாத்தாளையும் திருத்திய விடைத்தாளையும் துறைக்கு வெளியே ஒருவர் பார்க்கட்டும். படித்து முடித்துப் போனவர்களிடம் ஐந்தாண்டு கழித்துக் கேட்கலாம். இவற்றுக்குப் பதவி உயர்வில் புள்ளி உண்டு என்று மானியக் குழு ஒரு வரி சேர்த்தால், துணைவேந்தர்கள் மறுநாளே சுற்றறிக்கை அனுப்பிவிடுவார்கள்.