ஆப்பில் படித்தால் ஆப்பு

போன மாதம் செமினாருக்கு ஒரு பேட்டி தேவைப்பட்டது. போன வருடம் ஒரு வாரப் பத்திரிகையில் படித்ததுதான். நூற்றுக்கணக்கான பத்திரிகைகளை ஒரே சந்தாவில் தரும் ஆப் ஒன்றுக்கு அப்போது பணம் கட்டியிருந்தேன். அந்த இதழை டவுன்லோட் செய்து பத்திரமாகவும் வைத்திருந்தேன். இப்போது திறந்தால் அட்டைப்படம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. அதன் மேல் ஒரு வரி: "சந்தா முடிந்துவிட்டது, புதுப்பிக்கவும்."

அதே வாரம் ஊருக்குப் போனேன். பரண் மேல் பாட்டியின் தகரப் பெட்டி. உள்ளே, வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்ட ஒரு தொடர்கதை. பாட்டி பத்திரிகை வாங்குவதை நிறுத்தி இருபது வருடம் ஆகிறது. ஆனாலும் கதை அப்படியே இருக்கிறது. "சந்தா கட்டவில்லையே" என்று எவரும் வந்து பெட்டியைத் திறந்து பிடுங்கிக்கொண்டு போகவில்லை.

உடனே "காகித வாசனை, மழைநாள், கையில் காபி" என்று நான் கிளம்பப் போவதில்லை. பயப்படாதீர்கள் :-) ஹாஸ்டலில் இருந்துகொண்டு காலை ஆறு மணிக்கு நாலு பேப்பர் புரட்ட முடிகிறதென்றால் அது ஆப் தந்த வசதிதான். எழுத்தைப் பெரிதாக்கலாம், பழைய இதழில் தேடலாம், செலவும் குறைவு. பத்திரிகைக்காரர்கள் காசு கேட்பதும் நியாயமே. எழுதுகிறவருக்கும் வயிறு இருக்கிறது.

என் சண்டை ஒன்றே ஒன்றுதான். நாம் வாங்குவது பத்திரிகை அல்ல, பத்திரிகையைப் பார்ப்பதற்கான அனுமதிச்சீட்டு. இதை யாரும் வாசலில் எழுதி மாட்டுவதில்லை. யாரும் படிக்காத அந்த நீளமான நிபந்தனைகளுக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது.

சந்தாவை ஒழுங்காகக் கட்டினால் மட்டும் என்ன? அமெரிக்காவில் டெக்ஸ்ச்சர் என்று ஒரு ஆப் இருந்தது. மாதம் 10 டாலருக்கு 200க்கும் மேற்பட்ட பத்திரிகைகள். 2018-ல் ஆப்பிள் அதை வாங்கியது. 2019 மார்ச்சில் ஆப்பிள் நியூஸ் பிளஸ் வந்தது, மே மாதம் டெக்ஸ்ச்சருக்கு மூடுவிழா. ஆண்ட்ராய்டில் படித்துக்கொண்டிருந்தவர்கள் அம்போ! ஏனென்றால் புதியது ஆப்பிள் கருவிகளில் மட்டும்தான் வரும். புத்தகத்தில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. 2009 ஜூலையில், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்து அமேசான் ஒரு நாவலைத் தானாகவே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லையாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டார்கள். அழிக்கப்பட்டது ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'! எதை அழிக்கிறோம் என்று கூடவா யோசிக்க மாட்டார்கள்?

நம்ம ஊர் டீக்கடையை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு தினத்தந்தி. நடுப்பக்கம் ஒருவரிடம், சினிமா ஒருவரிடம், விளையாட்டு இன்னொருவரிடம். மதியத்துக்குள் ஐம்பது பேர் படித்துவிடுவார்கள். அது திருட்டு என்று யாரும் சொன்னதில்லை. அதே தாராளம் ஆப்பில் குற்றம். என் சந்தாவில் ரூம்மேட் படிக்க வேண்டுமானால் போனையே கழற்றிக் கொடுக்க வேண்டும்.

இது என் ஒருவனின் புலம்பல் என்றால் விட்டுவிடலாம். 1950 முதல் 1954 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது மணியத்தின் ஓவியங்களோடு கிழித்து பைண்டு செய்தவர்கள் எத்தனை பேர்! கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும்தான், அவர் 1992-ல் இறந்த பிறகு, 1994-ல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி நூலகமாக மாறின. அவர் ஆப்பில் சந்தா கட்டிப் படித்திருந்தால் நமக்கு மிஞ்சியிருப்பது என்ன? ஒரு பாஸ்வேர்டு!

அரசாங்கம் பாதுகாக்கும் என்பீர்களா? அச்சிடும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குத் தர வேண்டும் என்று 1954-லேயே சட்டம் போட்டார்கள். 1956-ல் பத்திரிகைகளையும் சேர்த்தார்கள். ஆனால் அது அச்சுக்காக எழுதிய சட்டம். இதற்கிடையே அந்தக் கல்கியே 2020-ல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. இனி எதைக் கிழித்து எதைத் தைப்பது?

"கோப்பைக் கையில் கொடுத்தால் எல்லோரும் பரப்பிவிடுவார்கள்" என்பார்கள். இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம்? காலையில் வாட்ஸப்பைத் திறந்தால் எல்லாப் பேப்பரும் பிடிஎஃப்-ஆக வந்து விழுகிறது. நான் அதைத் திறப்பதில்லை, அதுவும் திருட்டுதான். ஆனால் ஓசியில் படிப்பவனிடம் இதழ் நிரந்தரமாக இருக்கிறது, காசு கொடுத்தவனிடமிருந்து பறிபோகிறது. பூட்டு யாருக்கு?

நான் கேட்பது மூன்றுதான். சந்தா இருந்த காலத்தில் வந்த இதழ்கள், சந்தா முடிந்த பிறகும் என்னிடம் இருக்க வேண்டும். நூலகங்கள் வாங்கிப் பலருக்கும் தர வழி வேண்டும். கன்னிமாராவுக்கு மின்னிதழும் போய்ச் சேர வேண்டும்.

அந்தப் பேட்டியா? கிடைத்தது. பழைய பேப்பர் கடையில், கட்டுக்கு நடுவில், பத்து ரூபாய்க்கு. இனி அது என்னுடையது. நீங்களும் இதுவரை ஆப்பில் காசு கொடுத்துப் படித்த இதழ்களில் எத்தனை உங்களிடம் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.