வீட்டுப் புழுக்கம் யார் செய்தது?

சித்திரை வெயில் ஏறிவிட்டால் நம்மவர் வாயில் வரும் வார்த்தை ஒன்றே: “வெயில் நாட்டில் பிறந்துவிட்டோம், வேகத்தான் வேண்டும்.” தோட்டத்திலும் இதே பேச்சு, பட்டணத்திலும் இதே பேச்சு. பாட்டன் சொன்னதைப் பேரனும் சொல்லுகிறான். இப்பேச்சு பொய் என்பதே நமது வாதம்.

இந்நாட்டு வெயில் எத்தன்மையது? மலேசியப் பதிவேட்டில் உச்சமாக நிற்பது 1998 ஏப்ரல் 9இல் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் கண்ட 40.1 டிகிரி. சிங்கப்பூரில் 1983இலும் 2023இலும் 37 டிகிரியைத் தொட்டதே உச்சம். நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த திருச்சிராப்பள்ளிச் சீமையிலோ 40 டிகிரி என்பது கோடைதோறும் கண்ட சங்கதி. கோலாலம்பூரில் வழக்கமான பிற்பகல் 33 டிகிரியை ஒட்டியது. விடியற்காலம் 24 டிகிரி. அப்படியிருக்க, வெளியே தண்ணென்றிருக்கும் நடுநிசியில் வீட்டுக்குள் கிடக்கும் குழந்தை வியர்வையில் நனைந்து அழுவானேன்? சூரியன் மறைந்து ஐந்து மணி நேரமாயிற்றே! சுவர் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவில் உமிழ்கிறது. காற்றிலோ ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலராது. ஆகவே இங்கு மனிதனுக்கு வேண்டுவது முதலில் நிழல், அடுத்து ஓடும் காற்று. இவ்விரண்டையும் கொடுப்பதும் மறுப்பதும் வீட்டைக் கட்டுவோன் கையில் உள்ளது.

தோட்டத்தைப் பாருங்கள். அதே மண், அதே வெயில். துரையின் பங்களா குன்றின்மேல், அகன்ற தாழ்வாரத்தோடும் பெரிய ஜன்னல்களோடும் நின்றது. பால்மரம் வெட்டினவனுக்கு லயத்திலே பத்தடிக்குப் பத்தடி அறை, தலைக்குமேல் வெறுந் தகரம். உச்சி வெயிலில் தகரம் 60 டிகிரிக்கு மேலும் சுடும். சீலிங் இல்லாத அறையில் அச்சூடு நேரே உச்சந்தலையில் இறங்கும். “தமிழன் வெயிலுக்குப் பழகியவன்” என்பது துரைமார் காலத்துப் பேச்சு. அந்தோ, அதை நாம் பெருமையாக எடுத்துக்கொண்டோம்! குன்றில் குளிர்ச்சியையும் பள்ளத்தில் புழுக்கத்தையும் வைத்தது ஆண்டவன் அன்று, செலவுக் கணக்கு.

அத்தாப்புக் கூரை குளிர்ச்சியானது என்று ஏங்குவோரும் உளர். குளிர்ச்சிதான், ஆனால் தீக்கு இரை. 1961 மே 25இல் சிங்கப்பூர் புக்கிட் ஹோ ஸ்வீயில் பற்றிய நெருப்பு ஏறக்குறைய 16,000 பேரை வீடற்றவராக்கியதை மறத்தல் தகாது. தகரத்தை நாம் வெறுக்கவில்லை. தகரத்தின் கீழே ஒரு தட்டும், இரண்டுக்கும் இடையே காற்றுப் போக வழியும் வைக்காத கஞ்சத்தனத்தையே வெறுக்கிறோம்.

லயத்தைக் கட்டினவன் துரை. அவன் மேல் பழி போடுவது எளிது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்திலே சொந்தப் பணத்தில் வீடு வாங்கும் தமிழர் செய்வதென்ன? பஞ்சாங்கக்காரரையும் வாஸ்து நிபுணரையும் அழைத்துக் கிழக்கு வாசலே வேண்டுமென்று தவம் கிடக்கிறார். வரிசை வீட்டிலே இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டாரோடு பொதுவானவை. வெயில் படும் முகங்கள் முன்னும் பின்னும் மட்டுமே. பூமத்திய ரேகையை ஒட்டிய இந்நாட்டில் சூரியன் ஆண்டு முழுதும் கிழக்கே எழுந்து தலைக்குமேல் சென்று மேற்கே சாய்கிறான். ஆகவே கிழக்கு வாசல் வீட்டின் முன்முகம் காலையில் காய்கிறது. பின்முகம், அதாவது அடுப்படி, மாலை முழுதும் வேகிறது. வடக்கோ தெற்கோ பார்த்த வீட்டுக்குச் சற்று நீண்ட இறவாணமே நிழல் தந்துவிடும். அவ்வீட்டைத் தெற்கு வாசல், எமன் திசை என்று தள்ளிவிட்டு வருகிறோம். எமன் எத்திசையில் இருக்கிறானோ நாம் அறியோம். மாலை ஐந்து மணிக்கு மேற்குச் சுவரோரம் நின்று குழம்பு கூட்டும் பெண்ணைக் கேட்டால் அவள் சொல்லுவாள்.

அடுப்படியைப் பற்றி இன்னுங் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதுமனை புகுந்த ஓராண்டுக்குள் கொல்லைப்புறத்தைத் தகரத்தால் மூடி அடுப்படியை மதில்வரை நீட்டிவிடுகிறார்கள். பின்ஜன்னல் உள்ஜன்னலாகிறது; காற்று நுழைந்து வெளியேறிய வழி அன்றோடு அடைபடுகிறது. மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டட விதி, குடியிருக்கும் அறையின் தரைப் பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஜன்னலும், ஐந்து பங்கு தடையின்றிக் காற்றோடும் திறப்பும் வேண்டும் என்கிறது. நூறு சதுர அடி அறைக்கு ஐந்து சதுர அடித் திறப்பு! ஒரு முழக்கோலை எடுத்து உங்கள் அறையை அளந்து பாருங்கள். வீட்டுக்காரன் மீறினால் கேளுங்கள். மீறினது நீங்களே என்றால் எவரைக் கேட்பது?

வரவேற்பறைக்கு மட்டும் குளிர்சாதனம் பூட்டும் கனவான்களும் உளர். அப்பெட்டி சூட்டை அழிப்பதில்லை. உள்ளிருக்கும் சூட்டோடு தான் உண்ட மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. பெரும்பாலும் அடுத்த வீட்டு ஜன்னலுக்கு நேரே. விருந்தாளி குளிர்கிறார்; சமைத்தவள் வேகிறாள்.

“ஜன்னலைத் திறந்தால் கொசு வருமே?” என்பர். வரும், டெங்கு உள்ள நாட்டில் அது விளையாட்டன்று. அதற்குக் கம்பிவலை அடியுங்கள். கிழக்கு வாசலுக்கென்று கூட்டிக் கொடுக்கும் தொகையில் வீட்டின் எல்லா ஜன்னல்களுக்கும் வலை அடித்து, அடுப்படித் தகரத்தின் கீழே தட்டும் போட்டு, மீதிப் பணத்தைப் பிள்ளையின் படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.