கன்னத்தில் ஒதுக்கும் புகையிலை



எங்கள் கரிசல் காட்டில் உளுந்துக்கும் பாசிக்கும் களையெடுக்கப் போகும் பெண்கள் பலர், பசி தெரியாமலிருக்க வெற்றிலையோடு புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறார்கள். பீடி குடிப்பதைக் கண்டிக்கிற வீட்டார்கூட இதைக் கெடுதலாக நினைப்பதில்லை. ஆனால் வாய்ப் புற்றுநோய்க்கு இது நேரடிக் காரணம். புகையிலை ஒதுங்கும் இடத்தில் முதலில் வெள்ளைத் திட்டு படரலாம். பெரும்பாலும் வலிக்காது, அதனால் யாரும் டாக்டரிடம் காட்டுவதில்லை. ஆரம்பத்திலேயே கண்டால் குணப்படுத்த முடிகிற நோய் இது என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வருகையிலும் டார்ச் அடித்து வாயையும் பார்க்க வேண்டும். புகையிலையை விட நினைப்பவர்களுக்கான 1800-11-2356 என்ற இலவச எண்ணை நூறு நாள் வேலைத் தளங்களில் எழுதி வைக்க வேண்டும்.

- ஒரு வாசகர், எப்போதும்வென்றான்