கடைமாணாக்கர் யார்?

விழாக் கொண்டாடும் கல்லூரி தன் பெருமையை எடுத்தோதுங்கால் முதற்கண் கூறுவது, அது நாட்டுக்கு அளித்த மேதைகளின் பெயர்களையே. மருத்துவர் இத்துணைப் பேர், பொறியியலாளர் இத்துணைப் பேர், நியாயவாதிகள், நிருவாக சேவையினர் இத்துணைப் பேர் எனப் பட்டியல் நீளும். அப்பட்டியலைப் படித்து நெஞ்சு நிமிராத பழைய மாணவர் எவருமிலர். யாமும் அதற்கு விலக்கல்லேம். ஆயினும் அப்பட்டியலில் இடம்பெறாதோர் அதில் இடம்பெற்றோரினும் மிகப் பலர். எம்முடன் ஒரே வாங்கில் இருந்து, ஒரே ஆசிரியரிடம் பாடங்கேட்டு, எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ ஓசையின்றி நீங்கியவர்கள் அவர்கள். விழா மலர்கள் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அத்தகையோர் ஏன் பின்தங்குகின்றனர் என்ற வினாவைத் தம் ஆராய்ச்சியின் உயிர்நாடியாகக் கொண்ட கல்வி உளவியலறிஞர் ஒருவரின் பணியை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

மாணாக்கரைத் தரம் பிரிக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே அன்னத்தையும் ஆவையும் முதன்மாணாக்கருக்கும், மண்ணையும் கிளியையும் இடைமாணாக்கருக்கும் உவமையாக்கினார். கடைமாணாக்கருக்கு அவர் கண்ட உவமைகள் இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன. ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர் ஒழுகிவிடும். நெய்யரியோ நெய்யை விட்டு அழுக்கைப் பற்றிக்கொள்ளும். இவ்வுவமைகளை இளமையிலே மனனஞ் செய்த எமக்கு, வகுப்பின் பின்வாங்கில் இருந்தோரைக் காணுந்தோறும் இல்லிக்குடமே நினைவுக்கு வந்தது. குடத்தின் ஓட்டை அடைக்கத்தக்கதா என்று கேட்க அப்போது எமக்குத் தோன்றவில்லை. அவ்வினாவையே இருபதாம் நூற்றாண்டில் எழுப்பினார் பெஞ்சமின் புளூம்.

புளூம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பென்சில்வேனியா மாநிலத்து லான்ஸ்போட் என்னும் சிற்றூரில் 1913ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 21ஆம் நாள் பிறந்தார். அவர்தம் பெற்றோர் உருசிய நாட்டிலிருந்து குடிபெயர்ந்த யூதர். பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் 1935இல் இளமாணி, முதுமாணிப் பட்டங்களைப் பெற்ற அவர், பின்னர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தை அடைந்து, கல்வி மதிப்பீட்டுத் துறையின் முன்னோடியாகிய றால்ப் ரைலரிடம் பயின்று, 1942இல் கலாநிதிப் பட்டம் எய்தினார். அடுத்த ஆண்டு முதல் 1959 வரை அப்பல்கலைக்கழகத்தின் பரீட்சகராகக் கடமையாற்றினார். பரீட்சையினால் மாந்தரை வகுத்தல் தகுமோ என ஐயுற்ற அறிஞர், பரீட்சை நடாத்துதலையே தொழிலாகக் கொண்டிருந்தவர் என்பது கருதற்பாலது. அவர்தம் கூற்று தோல்வியுற்றோன் ஒருவனின் முறையீடன்று. தராசைத் தன் கையால் ஏந்தியவர் தராசைப் பற்றிக் கூறிய சான்று.

அவர்தம் பெயரை உலகறியச் செய்தது 1956இல் வெளிவந்த கல்வி நோக்கங்களின் பாகுபாடு பற்றிய நூலாகும். 1948ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரிற் கூடிய பரீட்சகர் சிலர் தம்முள் உரையாடியதிலிருந்து அம்முயற்சி தோன்றிற்று. அறிவு, கிரகித்தல், பிரயோகம், பகுப்பு, தொகுப்பு, மதிப்பீடு என ஆறு படிகளாக அறிகைத் துறையின் நோக்கங்கள் அதில் நிரற்படுத்தப்பட்டன. பல்கலைக்கழகங்கள் தம்முள் வினாக்களைப் பரிமாறிக்கொள்வதற்கு ஒரு பொதுமொழி வேண்டும் என்பதே அவர்களின் தொடக்க நோக்கம். ஆயின் அந்நூல் காட்டிய உண்மை அந்நோக்கத்தினும் பெரிது. வினாத்தாள்களைப் பிரித்து நோக்கியபோது அவற்றிற் பெரும்பாலான வினாக்கள் முதற்படியாகிய நினைவாற்றலையே சோதித்தன. சிந்திக்கக் கற்பிக்கின்றோம் எனக் கூறிக்கொண்டு ஒப்புவிப்பதையே அளந்துவந்தனர்.

இக்கருத்து எம் அயலிலும் விளைவு தந்தது. 1957இல் புளூம் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டு, இடைநிலைக் கல்விப் பரீட்சைகளைச் சீர்திருத்துதல் பற்றி ஆசிரியர்க்கும் அதிகாரிகட்கும் தொடர் பயிலரங்குகளை நடாத்தினார். அடுத்த ஆண்டு அங்கு மத்திய பரீட்சைப் பிரிவு நிறுவப்பட்டது. எம் நாட்டிலும் ஆசிரியப் பயிற்சி பெற்றோர் எவரும் அவர்தம் ஆறு படிகளை அறியாதிருத்தல் அரிது. எனினும், படிகளை அறிந்தோர் பலராயினும் அப்படிகளை வகுத்தவர் பின்னர் எங்கே சென்றார் என்பதை அறிந்தோர் சிலரே. அவர்தம் பிற்காலப் பணியே எம் சிந்தனைக்கு உரியது.

1964இல் அவர் வெளியிட்ட நூலொன்று, மனிதப் பண்புகளில் எவை நிலைபெறுகின்றன, எவை மாறுகின்றன என்பதை ஆராய்ந்தது. பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்து அவதானித்த ஏறக்குறைய 1,000 ஆய்வுகளை அவர் ஒருங்கு நோக்கினார். இளமைச் சூழலின் தாக்கம் மிகப் பெரிது; வளர்ச்சி விரைவாக நிகழும் பருவத்திலே உதவுதல் எளிது; பிற்காலத்தில் மாற்றுதல் அரிது என்பது அவர் கண்ட முடிபு. வறிய குடும்பத்துப் பிள்ளைகட்குப் பாடசாலை செல்லுமுன்னரே துணைபுரியும் ‘ஹெட் ஸ்ராட்’ திட்டத்தை அமெரிக்க அரசு 1965இல் தொடங்கியபோது, அதற்கு ஆதாரமாயிருந்த ஆராய்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

அதன்பின் அவர் பாடசாலையின் உள்ளே நோக்கினார். யோன் கரோல் என்னும் உளவியலாளர் 1963இல் ஓர் எளிய கருத்தைக் கூறியிருந்தார். ஒருவனுக்கு ஒரு பாடத்தில் உள்ள இயல்பாற்றல் என்பது, அவன் அதனைக் கற்றுத் தேறுதற்கு வேண்டிய காலத்தின் அளவே என்பது அக்கருத்து. புளூம் அதனை 1968இல் ஒரு கற்பித்தல் முறையாக்கினார். பாடசாலை எல்லார்க்கும் ஒரே அளவு காலத்தையும் ஒரே விதமான போதனையையும் வழங்குகின்றது. ஆதலின் பேறு வேறுபடுகின்றது. காலத்தையும் துணையையும் அவரவர் தேவைக்கேற்ப வழங்கின், 100க்கு 90 மாணவரேனும் கற்பித்ததைத் தேறுவர் என அவர் வாதித்தார்.

அவர் வகுத்த முறையில் மந்திரம் யாதுமில்லை. பாடத்தைச் சிறு அலகுகளாகப் பிரித்தல்; ஒவ்வோர் அலகின் முடிவிலும் புள்ளிப் பதிவுக்காகவன்றி, பிழை எங்குளது என அறிதற்காக ஒரு சிறு பரீட்சை வைத்தல்; தேறாதோர்க்கு அப்பகுதியை வேறு வழியால் மீளக் கற்பித்தல்; மீண்டும் பரீட்சித்துப் பின்னரே அடுத்த அலகுக்குச் செல்லுதல். முன்னலகின் ஓட்டை அடைக்கப்படாது பின்னலகு ஊற்றப்படுமாயின் அதுவும் ஒழுகும் என்பதே இதன் அடிப்படை. மணியுருவான செவ்வன் வளைகோட்டில் மாணவரின் புள்ளிகள் அமைதல் இயற்கை விதி எனக் கருதியோரையும் அவர் மறுத்தார். அவ்வளைகோடு தற்செயல் நிகழ்ச்சிகட்கு உரியது. கல்வியோ நோக்கத்தோடு செய்யப்படுவது. ஆகவே எம் போதனை எத்துணை பயன்றருகின்றதோ அத்துணை அவ்வளைகோடு சிதைதல் வேண்டும் என்றார். இக்கொள்கையை விரித்து 1976இல் ஒரு நூலும் எழுதினார்.

1984இல் அவர் வெளியிட்ட கட்டுரையொன்று மேலும் வியப்பூட்டியது. அவர்தம் மாணவர் இருவர் செய்த ஆய்வுகளில், பிள்ளைகள் மூவகையாகப் பிரிக்கப்பட்டனர். 30 பேர் கொண்ட வழமையான வகுப்பில் ஒரு பகுதியினரும், அதே அளவான வகுப்பில் முற்றக் கற்கும் முறையில் ஒரு பகுதியினரும், தனியாசிரியரிடம் ஒரு பகுதியினரும் கற்றனர். தனியாசிரியரிடம் கற்ற சராசரி மாணவன், வழமையான வகுப்பினருள் 100க்கு 98 பேரை விஞ்சி நின்றான். வழமையான வகுப்பில் 100க்கு 20 பேரே எட்டிய தரத்தைத் தனிப்போதனை பெற்றோருள் 90 பேரும், முற்றக் கற்கும் முறையினருள் 70 பேரும் எட்டினர். பிள்ளைகள் வேறுபட்டவரல்லர்; கற்பித்த முறையே வேறுபட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆசிரியரை வைத்தல் எந்நாட்டுக்கும் இயலாது. அவ்வாறிருக்க, அப்பயனை வகுப்பறையிலேயே பெறுதல் எங்ஙனம் என்னும் வினாவை அவர் ஆராய்ச்சியுலகின் முன் வைத்தார்.

அவ்வினாவோடு மற்றோர் உண்மையையும் ஈண்டு மறைத்தல் நேர்மையாகாது. பின்வந்த ஆய்வாளர் பலர் தனிப்போதனையின் பயனை அளந்தபோது, அது பெரிதாயினும் புளூம் கூறிய அளவுக்குப் பெரிதன்று எனக் கண்டனர். முற்றக் கற்கும் முறையும் நீண்டகாலப் பரீட்சைகளில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என றொபேட் சிலாவின் 1987இல் எடுத்துக்காட்டினார். பின்தங்கினோருக்காகக் காத்திருக்கும் விரைவுடையோரின் காலம் வீணாகாதோ என்ற தடையும் எழுந்தது. இத்தடைகள் புறக்கணிக்கத்தக்கனவல்ல. ஆயின் இவை அளவைப் பற்றியனவும் ஒழுங்கைப் பற்றியனவுமேயன்றி, திசையைப் பற்றியனவல்ல. பிழையை உடனே கண்டு திருத்தினால் பெரும்பாலான பிள்ளைகள் மேலும் கற்பர் என்னும் உண்மை அவற்றாற் குன்றவில்லை.

முதன்மாணாக்கரையும் அவர் மறந்தாரல்லர். 1985இல் வெளிவந்த ஆய்வில், பியானோக் கலைஞர், சிற்பிகள், கணித ஆய்வாளர், நரம்பியல் ஆய்வாளர், ஒலிம்பிக் நீச்சல் வீரர், ரெனிஸ் வீரர் என ஆறு துறைகளிலே உச்சம் எய்திய 120 பேரின் வரலாறுகளை அவரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர். அவர்களுட் பலர் இளமையில் அருமேதைகளாக இனங்காணப்பட்டவரல்லர். ஊக்கும் பெற்றோரும், அன்புள்ள முதலாசிரியரும், பின்னர் கண்டிப்பான நல்லாசிரியரும், பல்லாண்டு உழைப்புமே அவர்களை உருவாக்கின. முளையிலே இல்லிக்குடம் என ஒதுக்கப்பட்டிருந்தால் அவர்களிற் பலர் எங்கே சென்றிருப்பர் என்று எண்ணுந்தோறும் எம் நெஞ்சம் நடுங்குகின்றது. புளூம் 1999ஆம் ஆண்டு செப்ரெம்பர் 13ஆம் நாள் சிக்காகோவிற் காலமானார்.

இனி, பவணந்தியாரோடு புளூம் முரணுகின்றாரோ எனின், முற்றிலும் அன்று எனலாம். தரம் பிரித்த அதே பாயிரம், கற்பவன் கொள்ளும் வகையை அறிந்து அவன் உளங்கொள்ளுமாறு கற்பித்தலை ஆசிரியர்க்கு விதித்தது. ஒரு முறை கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்பின் பிழை நீங்குவான். மூன்றாம் முறை கேட்பின் பிறர்க்கு உரைக்கவும் வல்லனாவான் என்ற கருத்தும் அங்குளது. நாம் உவமைகளை மட்டும் மனனஞ் செய்து, இரண்டாம் போதனையை மறந்துவிட்டோம். இன்று அவ்விரண்டாம் போதனை மாலையில் ரியூட்டரியில் விலைக்கு விற்கப்படுகின்றது. வாங்க வல்லவன் இடைமாணாக்கனிலிருந்து முதன்மாணாக்கனாகின்றான். வல்லமையற்றவன் கடைமாணாக்கன் எனப்படுகின்றான். 1945 முதல் இலவசக் கல்வியைப் பெற்ற நாட்டில், ஒரு பாடத்தை இரண்டாம் முறை கேட்பதற்கு மட்டும் கட்டணம் என்பது எத்துணை முரண்!

ஆகவே எம் பழைய மாணவர் சங்கத்தாரிடம் யாம் பணிவுடன் வேண்டுவது ஒன்றுளது. விழா நிதியைச் சேர்க்கும்போது முதலிடம் பெறுவோர்க்குத் தங்கப் பதக்கம், புலமைப்பரிசிற் பரீட்சையில் சித்தியெய்துவோர்க்குப் பணமுடிப்பு என்னும் முன்மொழிவுகளே மிகுதியாக எழுகின்றன. அவை நிற்க. பதக்கம் பெறுவோனுக்கு அப்பதக்கம் இல்லாவிடினும் வழியுண்டு. நிதியின் ஒரு பகுதியையேனும் ஆறாம் வகுப்பு முதலாகத் தமிழிலும் கணிதத்திலும் தடுமாறும் பிள்ளைகளின் இரண்டாம் போதனைக்கு ஒதுக்குவோமாக. ஓய்வுபெற்ற ஆசிரியர் பலர் எம்மிடையே உளர். பல்கலைக்கழகப் புகுமுகத்துக்குக் காத்திருக்கும் இளைஞரும் உளர். பாடசாலை முடிந்தபின் ஒரு மணி நேரம், சிறு குழு, சிறு பரீட்சை, உடன் திருத்தம் என இவ்வளவே போதும். அதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், பெயர்ப்பலகையும் வேண்டாம்.

முன்னின்றோரால் மட்டும் ஒரு கல்லூரியை அளத்தல் போதாது. அடுத்த விழா மலர் வெளிவருங்கால், எட்டாம் வகுப்பில் ஓசையின்றி நீங்கியிருக்க வேண்டிய ஒருவன் நீங்காது நின்று கற்றான் என்னும் செய்தி அதில் இடம்பெறுமாயின், அதுவே எம் கல்லூரி அன்னைக்கு யாம் சூட்டும் மெய்யான விழா மாலையாகும்.